கல்லூரி விண்ணப்பமும் கடைசித் தேதியும்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்துவிடும் வழக்கம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் மாறவில்லை. தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் பாண்டுப்பிலும் ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் பெற்றோர் படும் அலைச்சலுக்கு இதுவே முக்கியக் காரணம். விண்ணப்பத்தின் கடைசித் தேதி பத்திரிகையில் வந்துவிடுகிறது. அந்தத் தேதியில் கையில் இருக்க வேண்டிய சான்றிதழ்களுக்கு எப்போது மனுச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் அறிவிப்பதில்லை.

பொறியியல் படிப்பை எடுத்துக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு 2007-இல் நீங்கியது. கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே போதும். 2024-லும் 2025-லும் அங்கே விண்ணப்பப் பதிவு மே மாதம்தான் தொடங்கியது. மகாராஷ்டிரத்திலோ மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும். அதற்கான பதிவு அதே ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்கள் ஓர் ஆண்டை இழந்தார்கள். அலுவலகத்தில் நாள்தோறும் பிறர் மனுக்களில் தேதி முத்திரை குத்தும் குமாஸ்தாக்களும் இதில் அடக்கம் என்பதுதான் வேடிக்கை.

சொந்த ஊர் இருக்கிறதே என்று ரயிலேறுவோருக்கு வேறு சிக்கல் காத்திருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு 'நேட்டிவிட்டி' எனப்படும் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அது கட்டாயம். தமிழ் பேசுவதாலேயே தமிழ்நாட்டவர் ஆகிவிட முடியாது என்பதைத் தாலுகா அலுவலக மேஜைக்கு முன்னால்தான் பலர் தெரிந்து கொள்கிறார்கள். மனுவை இணையத்திலேயே போடலாம் என்பது உண்மை. ஆனால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து எழுதிய பின்பே வட்டாட்சியர் கையொப்பம் கிடைக்கும். வீடும் ரேஷன் அட்டையும் மும்பையில் இருக்க, ஊரில் காட்டுவதற்குத் தகப்பனாரின் பழைய பள்ளிச் சான்றிதழோ பாட்டனார் பெயரிலுள்ள பட்டாவோதான் மிச்சம். பத்து நாள் லீவில் போகிறவரால் இதை முடிக்க இயலுமா?

சாதிச் சான்றிதழ் விஷயம் இதைவிடக் கடினமானது. தந்தையின் வேலை காரணமாக ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்த ஓர் ஆந்திரப் பழங்குடி மாணவர், அங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீடு கேட்டார். பிறந்த மாநிலத்தில் உள்ள இடஒதுக்கீட்டு உரிமை குடியேறிய மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த தாழ்த்தப்பட்ட குடும்பத்தார், 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே மகாராஷ்டிரத்தில் குடியிருந்ததைக் காட்ட வேண்டியிருக்கிறது. பிற்படுத்தப்பட்டோருக்கு அந்த நாள் 1967 அக்டோபர் 13. இதைக் காட்ட முடியாத தொழிலாளியின் மகளுக்கு மும்பையில் இல்லாத உரிமை தமிழ்நாட்டில் இருக்கிறது; அதற்கும் அங்குள்ள சான்றிதழ் வேண்டும். எந்த மாநிலத்தில் சேர்ப்பது என்பதை இத்தகைய குடும்பங்கள் பத்தாம் வகுப்பு முடியும்போதே தீர்மானித்தாக வேண்டும்.

மும்பையிலேயே படிக்க வைப்போர் கவனிக்கத்தக்க வாய்ப்பு ஒன்று உண்டு. மும்பையிலும் சுற்றுப்புறத்திலும் தமிழ் மொழிச் சிறுபான்மை அந்தஸ்துள்ள கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றில் தொழிற்கல்வி இடங்களில் 51 சதவீதம் அந்தச் சிறுபான்மையினருக்கே உரியவை. தாய்மொழி தமிழ் என்பதற்கு 'லீவிங் சர்டிபிகேட்'டில் உள்ள தாய்மொழிப் பத்தி பெரிதும் உதவும். சேர்க்கும் நாளில் அவசரத்தில் இந்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதில் திருத்தக் கேட்டு அலைவது வீண் சிரமம். பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துக் கொள்வது நலம்.

எல்லாப் பழியையும் பெற்றோர் மீது போடுவதும் நியாயமல்ல. ஆண்டுதோறும் பொங்கல் விழாவைச் சிறப்பாக நடத்தும் தமிழ் அமைப்புகள், அந்த ஜனவரியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த விவரங்களைச் சொல்லவும் படிவம் நிரப்பவும் முகாம் நடத்தலாம். தமிழக அரசு அதிகாரிகளை இங்கே அனுப்பிச் சான்றிதழ் மனுக்களைப் பெறச் செய்வதும் முடியாத காரியமல்ல. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 2020-லும் பொறியியல் முதலிய படிப்புகளில் 2021-லும் தமிழ்நாடு அளித்த 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் அம்மாநில அரசுப் பள்ளியில் படித்தவருக்கே கிடைக்கும். மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைக்கு அதில் பங்கில்லை. அப்பிள்ளைகளுக்கென ஒரு சில இடங்களையாவது ஒதுக்குவது குறித்துச் சென்னைக் கோட்டை யோசிக்க வேண்டும்.