துவைச்சால் போதும்

களுபோவில ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வோஷிங் மெஷின் போன மாதம் நின்றுபோனது. திருத்த வந்த பாஸ், போர்ட் எரிந்துவிட்டது, அதை மாற்றப் புது மெஷினின் பாதி விலை வரும் என்று சொல்லிவிட்டார். காலி வீதிக் கடைகளில் விசாரித்தால் நீராவி, வைஃபை என்று அடுக்குகிறார்களாம். பழுதானால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. "எனக்கு அதெல்லாம் வேண்டாம் பிள்ளை. துவைச்சால் போதும், கெதியில பழுதாகாமல் இருந்தால் போதும்" என்றார்.

இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. சுவீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010இல் ஆற்றிய ஓர் உரையில், தங்கள் வீட்டுக்கு முதல் மெஷின் வந்த நாளில் பாட்டி அதன் முன்னால் அமர்ந்து, துவைத்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்ததைச் சொன்னார். வாழ்நாள் முழுக்கக் கையால் துவைத்தவருக்குத்தான் அந்த மெஷின் என்னவென்று தெரியும். அது நின்றால் வேலை மறுபடி யாருடைய தோளில் ஏறும் என்பது எங்கள் வீடுகளிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கடைக்குப் போகுமுன் வீட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். களுபோவில, தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் பல வீடுகளில் குழாய்க்குத் தண்ணீர் வருவது கூரைமேல் தாங்கியிலிருந்து. பத்து மீற்றர் உயரம் இருந்தால்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். முழுத் தானியங்கி மெஷின்கள் பலவற்றுக்கு அரை பாராவது வேண்டும். அதாவது தாங்கி ஐந்து மீற்றர் மேலே இருக்க வேண்டும். மேல்மாடியில் மெஷினை வைத்து, தலைக்கு மேலே இரண்டு மீற்றரில் தாங்கி இருந்தால் தண்ணீர் நூலாகத்தான் இறங்கும். குறித்த நேரத்துக்குள் நிரம்பாவிட்டால் மெஷின் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். மெஷினில் ஒரு குறையும் இல்லாமலே பாஸைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை வெட்டினார்கள். முன்பக்கம் திறக்கும் மெஷினுக்குள் தண்ணீர் நிற்கும்போது கரண்ட் போனால் கதவு பூட்டியபடியே கிடக்கும். கீழேயுள்ள வடிகட்டியைத் திறந்து தண்ணீரை வெளியேற்றித்தான் துணியை மீட்க வேண்டும். அதே ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, உதிரிப்பாகம் வரும் வரும் என்று காத்திருந்த வீடுகள் எத்தனையோ. அன்றிலிருந்து எந்த மெஷினைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இதை இங்கேயே, இங்கே கிடைக்கும் சாமானை வைத்துத் திருத்தலாமா என்பதைத்தான்.

அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குவது இரட்டைத் தொட்டி மெஷின். ஒரு பக்கம் துவைக்க, மறுபக்கம் பிழிய. இரண்டு மோட்டார், ஒரு பெல்ட், கப்பாசிற்றர், முறுக்கிவிடும் டைமர், ஸ்பின்னருக்கு ஒரு பிரேக், அவ்வளவுதான் உள்ளே. பெரும்பாலானவற்றில் மின்னணு போர்டே கிடையாது. கப்பாசிற்றர் போனால் பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியனே மாற்றிவிடுவார். குழாயில் அழுத்தம் இல்லையா, வாளியால் ஊற்றலாம். கரண்ட் போனால் மூடியைத் திறந்து துணியை எடுக்கலாம். வெள்ளைத் துணியைத் துவைத்த சவர்க்காரத் தண்ணீரிலேயே அடுத்துக் கலர்த் துணியைப் போடலாம். தண்ணீரும் தூளும் மிச்சம். மழை விடாத மே, ஜூன் மாதங்களில் அதன் ஸ்பின்னர் பிழிந்து தரும் துணி மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். விலையும் குறைவு. இதைப் பழைய காலத்துச் சாமான் என்று கடைக்காரர் மூலையில் தள்ளி வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சுடுதண்ணீருக்காக முன்பக்க மெஷின் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் ஹீட்டர் மட்டும் 2000 வாட் அளவில் இழுக்கும். பில்லின் கனம் அங்கேதான். கொழும்புக் குழாய்த் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பானது. நோயாளியின் படுக்கைவிரிப்பு போன்றவற்றுக்கு வெந்நீர் தேவைதான், அன்றாட உடுப்புக்கு இந்தத் தண்ணீரே போதும். அந்த மெஷின்கள் குறைந்த தண்ணீரில் நன்றாகத் துவைக்கும் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் சில மாடல்களில் வெளித்தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். ஒரு பேரிங் தேய்ந்தால் தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டும். இது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆசிரியைக்கு நான் இரட்டைத் தொட்டியைச் சொல்லவில்லை. ஈரத் துணியைக் கையால் தூக்கி மறுபக்கம் போட வேண்டும். அவருக்குத் தோள் வலி. அவர் இருப்பது கீழ்வீடு, தாங்கி இரண்டாம் மாடிக் கூரையில், எனவே அழுத்தத்துக்குக் குறைவில்லை. மேலே திறக்கும் சாதாரணத் தானியங்கி போதும், பெல்ட்டில் ஓடுவதாகப் பாருங்கள் என்றேன். பணம் கட்டுமுன் போர்ட், தண்ணீர் வால்வ், வடிகால் பம்ப் மூன்றும் இப்போது கையிருப்பில் உண்டா, என்ன விலை என்று கடையில் கேட்கச் சொன்னேன். மோட்டாருக்குப் பத்து வருட உத்தரவாதம் என்று பெரிதாக ஒட்டியிருப்பார்கள்; போர்டுக்கு எத்தனை வருடம் என்பதை எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்து பத்தாண்டுகளுக்காவது முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டம். இங்கே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. மெஷினை இறக்குமதி செய்கிறவர் அதன் போர்டையும் வால்வையும் சேர்த்தே இறக்கி, குறைந்தது பத்தாண்டுகளுக்கு விலைப்பட்டியலோடு வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சபை கட்டளையிட வேண்டும்.