கேட்ட செவிகளும் திறக்காத பெட்டியும்

மலாக்காவின் பத்து பெரெண்டாம் வட்டாரத்தில் 1970களின் தொடக்கத்திலிருந்தே மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கி வருகின்றன. இன்று இன்ஃபினியான் என்று அறியப்படும் ஆலை 1973இல் சீமென்ஸ் பெயரால் தொடங்கியது. விடியுமுன் தோட்டத்து வாசலில் வந்து நின்ற ஆலைப் பேருந்தில், பால் மரம் சீவிய தாயின் மகள் ஏறிப் போனாள். மயிரிழையினும் மெல்லிய கம்பியைச் சில்லின்மேல் பிணைக்கும் வேலையை உருப்பெருக்கியின் வழியே பார்த்துப் பார்த்துச் செய்தாள். அவள் விரல் பட்ட சில்லுகள் எந்தெந்த நாட்டு மோட்டார் வண்டிக்குள்ளும் வானொலிக்குள்ளும் போய் அமர்ந்தனவோ! ஆனால், அச்சில்லு செய்யும் வேலை யாது என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. அதனினும் கொடுமை, அவள் பிள்ளைக்கும் எவரும் சொல்லவில்லை. ஆலைக்காரர் சொல்லாததில் வியப்பில்லை; அவருக்கு வேண்டியது விரல். தமிழ்ச் சங்கங்களும் பள்ளி மன்றங்களும் அரை நூற்றாண்டாகச் சொல்லாமலிருந்ததற்குத்தான் விடை வேண்டும்.

வானொலி தோட்டத்திற்குள் வந்த விதத்தை எண்ணிப் பார்த்தால் இக்குறையின் வேர் தெரியும். மலாயா வானொலி 1946 ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. 1948இல் பிறந்த அவசரகாலத்தின்போது தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் அரசு பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. உழைப்பாளி எதைக் கேட்க வேண்டும் என்பதை மேலிடம் முடிவு செய்தது, உழைப்பாளி கேட்டான். பின்னர் வீடுதோறும் டிரான்சிஸ்டர் பெட்டி வந்தது. இசையும் நாடகமும் செய்தியும் லயத்து வாசற்படிவரை தமிழிலே வந்தன. இந்நாட்டில் தமிழ் நிலைத்ததற்கு அவ்வொலிபரப்பு ஆற்றிய தொண்டினை மறுப்பவர் நன்றி கொன்றவராவர். எனினும், கேட்டுப் பழகிய சமுதாயம் கேட்பதோடு நின்றுவிட்டது. பெட்டியின் முதுகைத் திருகிக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்த பிள்ளைக்குக் கிடைத்தது அடி.

பெட்டி பழுதானால் சைக்கிளின் பின்னால் கட்டி ஜாசினுக்கோ அலோர் காஜாவுக்கோ கொண்டு போவர். அங்கே கடைத்தெருவில் ஈயப் புகையின் நடுவே குனிந்திருந்த பழுதுபார்ப்பவர் பெரும்பாலும் பட்டம் ஏதும் பெறாதவர். திறந்து பார்த்தே கற்றவர். அரசியல்வாதிக்கும் கவிஞருக்கும் பொன்னாடை போர்த்திய மேடைகளுள் எத்தனை அவருக்குப் போர்த்தின? திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட அவரை அழைப்பர். அது கீச்சிட்டால் ஏசுவர். ஏன் கீச்சிடுகிறது என்று மேடைப் பேச்சாளர் எவரும் கேட்டதில்லை. பெருகிய ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து மீண்டும் பெருகுவதால் எழுவது அக்கீச்சொலி. பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை அதற்கே திருப்பி ஊட்டினால் அலை தானே பிறக்கும் என்ற இந்தத் தத்துவத்தின் மேல்தான் வானொலிப் பரப்பியே நிற்கிறது. ஒரு நல்ல அறிவியல் பாடம் ஆண்டுதோறும் கோயில் வாசலில் காது கிழியக் கத்தியும் மாணவன் செவியில் ஏறவில்லை!

“இவையெல்லாம் தமிழனுக்கு வரமாட்டா, அவன் கலையின் மகன்” என்று பெருமைபோலச் சொல்வாருளர். இதனினும் இழிவான பெருமை வேறில்லை. சென்னையில் 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் தம் முயற்சியால் அமைத்த சிறு பரப்பியைக் கொண்டு அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பு தொடங்கியது. அதன் ஆற்றல் 40 வாட். பழைய மேசை விளக்கின் குமிழ் ஒன்று உண்ணும் மின்சாரம் அவ்வளவே. அரசு நிலையம் எதுவும் சென்னையில் இல்லாத காலம் அது. பணமுடையால் 1927இல் கழகம் ஒலிபரப்பை நிறுத்தியது. ஆனால், கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு மாறி, 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல்தான் வந்தது. ஆர்வலர் முன்னே நடக்க, அரசு பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. கொழும்பிலும் இதுவே கதை: தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு 1923இல் இசைத்தட்டு இசையைப் பரப்பினார்.

மலாயாவிலும் ஆர்வலரே முன்னோடிகள். 1921இல் ஜோகூரின் மின்பொறியாளர் பர்ச் வானொலிக் கருவியைக் கொணர்ந்து ஒரு சங்கம் அமைத்தார். கோலாலம்பூர் ஆர்வலர் 1930இல் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பினர். அன்று அது துரைமார் விளையாட்டு. தோட்டத் தமிழனை அதில் காணோம் என்று வருந்தலாம், குறை கூற இயலாது. இன்று அக்காரணம் இல்லை. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறியவர் எவரும் உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறியுடன் உலகோடு பேசலாம். 2007இல் விண்வெளி நிலையத்திற்குச் சென்ற முதல் மலேசியர் ஷேக் முசாபரும் அத்தகைய அழைப்புக்குறி உடையவரே.

கைப்பேசி சட்டைப்பையில் இருக்க, இது எதற்கு என்று கேட்பாருக்கு விடை கடலிடம் உண்டு. 2004 டிசம்பரில் அமெச்சூர் வானொலிப் பயணமாக அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி. 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசித் தொடர்பு அற்றது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே அவருடைய நிலையம் செய்தி கடத்தியது. உறவினர் உயிரோடு உள்ளனரா என்று தவித்த குடும்பங்களுக்கு அச்செய்தி என்ன பொருள் தந்திருக்கும்! கைப்பேசி கோபுரத்தை நம்பி வாழ்வது. கோபுரம் மின்சாரத்தை நம்பி வாழ்வது. 2014 இறுதியில் கிளந்தான் வெள்ளத்தில் இரண்டும் பல ஊர்களில் ஒருசேர வீழ்ந்ததை மலேசியர் கண்டனர்.

பணமில்லை, நேரமில்லை, தேர்வுக்கு உதவாது என்பன பழகிப்போன முறையீடுகள். ஆறாம் ஆண்டு மாணவன் கையில் 9 வோல்ட் மின்கலம் ஒன்றும் ஒளிரும் இருமுனையம் ஒன்றும் கொடுங்கள். இருமுனையத்திற்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். மிச்சம் 7 வோல்ட்டை ஒரு மின்தடையம் தாங்க வேண்டும். 15 மில்லி ஆம்பியர் ஓட விரும்பினால் 7ஐ 0.015ஆல் வகுக்க, 467 வரும். கடையில் கிடைப்பது 470 ஓம். கணக்கு ஒளியாக மாறுகிறது! தடையத்தை மறந்து இணைத்தால் இருமுனையம் கருகும். அந்த நாற்றத்தை மறவாத பிள்ளை ஓமின் விதியையும் மறவான். விண்வெளி நிலையத்திலிருந்து அமெச்சூர் குரல் வழக்கமாக இறங்கிவரும் அலைவெண் 145.8 மெகாஹெர்ட்ஸ். 300ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 2.06 மீட்டர், அதன் காற்பங்கு 51 சென்டிமீட்டர். அவ்வளவு நீளக் கம்பியே உணர்கம்பி. மலாக்கா வானத்தில் அந்நிலையம் ஏறி இறங்கச் சுமார் 10 நிமிடம். இதைவிடச் சுவையான கணிதப் பாடவேளை எந்தத் தனிவகுப்பில் கிடைக்கும்?

கலைச்சொல் வல்லாரிடமும் ஒரு வழக்குண்டு. டிரான்சிஸ்டருக்குத் திரிதடையம் என்பதா வேறொன்று சொல்வதா என்று வாதிடுவோருள் மூன்று கால்கள் கொண்ட அச்சிறு பொருளைக் கையால் தொட்டவர் எத்தனை பேர்? மின்தடை என்ற சொல்லையே பாருங்கள்: நூலில் அஃது ஓம் கணக்கு; வீட்டில் விளக்கு அணைவது. இரண்டையும் பிரித்தறியும் மாணவன் சொற்பட்டியலில் உருவாகான்; மின்சுற்றைக் கட்டித் தவறிக் கட்டியே உருவாவான். சொல் பிறகு அவன் வாயில் தானே அமரும்.

மலாக்கா மண்ணுக்குச் சோதனை புதிதன்று. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டது, பிறர் நகைத்த ஒரு முயற்சியாகவே இருந்தது. அம்முயற்சியால் வளர்ந்த தோட்டங்கள் பலவும் இன்று துண்டாடப்பட்டுவிட்டன. லயங்கள் கலைந்து, பிள்ளைகள் நகரோரக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டனர். மாநிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் 21. ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, பற்றவைக்கும் கோல் ஒன்று, அளவி ஒன்று, வீட்டில் எறியப்படும் பழைய பெட்டிகள், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம். வீட்டு மின்சாரத்தைத் தொடவிடாமல் மின்கலத்தோடு நிறுத்திக் கொண்டால் ஆசிரியருக்கும் அச்சமில்லை. பேச்சுப் போட்டியும் கவிதைப் போட்டியும் நடக்கட்டும். சங்கங்களின் ஆண்டுப் பட்டியலில் வானொலி செய்யும் போட்டி என ஒரு வரி கூடட்டும், பெண்பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கட்டும். நடுவராக அமர, கடைத்தெருவில் எஞ்சியிருக்கும் பழைய பழுதுபார்ப்பவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர்களுள் பலருக்குக் கண் மங்கிவிட்டது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றால் ஆள் கிடைப்பது அரிது.