முருகைக்கல்லுக்கு மருந்து தண்ணீரே

முருகைக்கல் என்றதும் வடபுலத்தவர்களாகிய எங்களுக்கு முதலில் நினைவில் எழுவது மதில்தான். நெடுந்தீவில் வளவுகளின் வேலியே முருகைக்கற்களால் அடுக்கப்பட்டதாகும். யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களிலும் அக்கல் உண்டு. கல் என்று பெயரிட்டுவிட்டதாலோ என்னவோ, அது கடலில் வாழ்ந்த ஓர் உயிரினத்தின் எலும்புக்கூடு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று உலகின் பல நகரங்களில் இந்த உயிரினத்தை வீட்டு வரவேற்பறையில், கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள். புலம்பெயர்ந்த நம்மவர் சிலருக்கும் இந்தப் பொழுதுபோக்கு உண்டு. காயப்பட்ட அல்லது வெளிறிப்போன முருகைக்கல்லை எவ்வாறு தேற்றுவது என்பது அவர்களை ஓயாது அலைக்கழிக்கும் கேள்வி. கடலோரச் செய்திகளை நெடுங்காலம் எழுதிவந்தவன் என்ற வகையில், இதற்கான விடை நமது நாட்டின் கரையோரத்துக்கும் பொருந்துவதைக் காண்கிறேன்.

முருகைக்கல்லின் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒருகல அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளியிலிருந்து ஆக்கும் உணவே அதன் பெரும்பங்கு சக்தியாகும். நீர் அளவுக்கு மீறிச் சூடானால், அல்லது ஒளி திடீரெனக் கூடினால், இந்த உறவு முறிகிறது. அல்காக்கள் வெளியேற, முருகைக்கல் வெண்மையாகிறது. ஆனால் வெளிறியதெல்லாம் செத்ததல்ல. வெண்மையின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய திசு தெரிந்தால் உயிர் இருக்கிறது. திசு உரிந்து வெறும் எலும்புக்கூடு தெரியும் இடத்தில்தான் உயிர் போய்விட்டது.

உயிருள்ளதைத் தேற்றும் வழி ஆரவாரமற்றது. ஒளியைக் குறைத்து, பின்னர் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். வெப்பநிலையை 25, 26 பாகை செல்சியஸ் அளவில் ஏறி இறங்காமல் வைத்திருக்கவேண்டும். உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு. எலும்புக்கூட்டைக் கட்டுவதற்கு வேண்டிய கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம் அளவில் இருப்பது நன்று. நீரின் காரத்தன்மை நாளுக்கொரு அளவாக இருத்தல் ஆகாது. திசு உரிந்துகொண்டே போனால், உரிந்த எல்லையைத் தாண்டி நல்ல பகுதியில் வெட்டி, நலமான கிளையைப் பசையால் வேறு கல்லில் ஒட்டிக் காப்பாற்றலாம். சில மென்மையான இனங்களை வெட்டும்போது கொடிய நஞ்சு வெளிப்படும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

இவ்வளவுதான். கவனித்தால், இவற்றுள் பெரும்பாலானவை முருகைக்கல்லுக்குச் செய்பவை அல்ல, தண்ணீருக்குச் செய்பவை. இன்று ஒரு மருந்து, நாளை வேறொன்று என்று ஊற்றிக்கொண்டிருப்பவரின் தொட்டியைவிட, நீரைச் சீராக வைத்துப் பொறுத்திருப்பவரின் தொட்டியே பிழைக்கிறது.

தொட்டியில் கற்ற வித்தையைக் கடலுக்குக் கொண்டுசென்றவர்களும் உளர். அமெரிக்காவின் புளோரிடாவில், மோட் கடல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டேவிட் வோன், தொட்டியில் தற்செயலாக உடைந்துபோன முருகைக்கல்லின் சிறு துணுக்குகள் வழமையைவிடப் பன்மடங்கு வேகமாக வளர்வதைக் கண்டார். காயத்தை ஆற்றும் வேகமே வளர்ச்சியின் வேகமாயிற்று. அதிலிருந்து பிறந்த நுண்துணுக்கு முறையால் ஆயிரக்கணக்கான முருகைக்கற்கள் கடலில் நடப்பட்டன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 2023ஆம் ஆண்டுக் கோடையில் புளோரிடாக் கடல் கொதித்தது. பல ஆண்டுகளாக அங்கு பல அமைப்புகள் நட்டு வளர்த்த முருகைக்கற்கள் பெருமளவில் மடிந்தன. நட்டவர்களின் கைத்திறனில் குறையில்லை. நீர் அவர்கள் கையில் இல்லை.

இங்குதான் நமது நாட்டின் கதை வருகிறது. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புச் சூளைகளுக்காக ஆண்டாண்டு காலமாக முருகைக்கல் அகழப்பட்டது. சட்டம் தடைசெய்த பின்னரும் அகழ்வு நிற்கவில்லை. 2004 ஆழிப்பேரலையின் பின் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்று, கற்பார் காக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை 2, 3 மீற்றர் உயரத்துடன் 50 மீற்றர் அளவே உட்புகுந்ததாகவும், கல் அகழப்பட்ட அயலூரான பெரேலியவில் 10 மீற்றர் உயர அலை ஒன்றரைக் கிலோமீற்றர் வரை சென்றதாகவும் பதிவுசெய்தது. அந்தப் பெரேலியவில்தான் புகையிரதம் ஒன்று பயணிகளுடன் அடித்துச் செல்லப்பட்டது. கற்பார் அழகுப்பொருள் அல்ல, கரையின் மதில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே ஹிக்கடுவையில், 1998இல் கடல் சூடேறியபோது முருகைக்கற்களில் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. அங்கு முருகைக்கல்லைக் கொன்றது கோடரி அல்ல, தண்ணீர்.

ஆகவே, முருகைக்கல் நாட்டும் விழாக்களையும் படப்பிடிப்புகளையும் நான் எதிர்க்கவில்லை. அவற்றோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதையே எதிர்க்கிறேன். கடலின் வெப்பம் உலகம் முழுவதும் சேர்ந்து தீர்க்கவேண்டிய விடயம். ஆனால் ஆறுகள் கொண்டுவரும் சேறு, விடுதிகளின் கழிவுநீர், கற்பார்மீது இறக்கும் நங்கூரம், அதன்மேல் ஏறி நடக்கும் உல்லாசப் பயணிகளின் கால்கள் ஆகிய யாவும் நமது கையிலேயே உள்ளன. நோயுற்ற முருகைக்கல் வெப்பத்தின் தாக்குதலைத் தாங்காது. நலமாக இருப்பதே மீண்டு எழும்.

தொட்டி வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலில் பிடுங்கப்பட்டதை வாங்காதீர்கள். பிறர் தொட்டியில் வளர்ந்த துணுக்கையே கேட்டு வாங்குங்கள். நூறு லீற்றர் நீரைச் சீராக வைத்திருப்பது எத்தனை கடினம் என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை. கடலைப் பற்றி முடிவெடுப்பவர்களிடம் அதை எடுத்துச் சொல்லும் தகுதியும் உங்களுக்கே அதிகம்.