அறுந்த பேச்சுக்கு யார் பொறுப்பு?

1995 ஜூலை 31-இல் மேற்கு வங்க முதலமைச்சர் தோழர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் பேசி, நாட்டின் முதல் செல்போன் அழைப்பைத் தொடக்கி வைத்தார். அன்று அது பணம் படைத்தவர்களின் பொருள். இன்று அப்படியல்ல. நாளை நடவு உண்டா என்று விவசாயத் தொழிலாளி அறிவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற சேதி இரவு ஷிப்டுக்கு எட்டுவதும், பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு 108 வண்டியை அழைப்பதும் அதில்தான். அந்தப் பேச்சு பாதியில் அறுந்தால், "டவர் இல்லை" என்று சொல்லி நாமே சமாதானமாகிவிடுகிறோம். டவர் ஏன் இல்லை? அதுதான் கேள்வி.

விஷயம் மாயமந்திரம் அல்ல. ஊரையும் வயலையும் சிறுசிறு வட்டாரங்களாகப் பிரித்து டவர்கள் வைக்கிறார்கள். நாம் பஸ்ஸில் பேசிக்கொண்டே போகும்போது, ஒரு டவரின் பலம் குறையக் குறைய, அடுத்த டவர் அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ள வேண்டும். இப்படிக் கைமாற்றும் முறைக்கு அமெரிக்க பெல் ஆராய்ச்சிக்கூட எஞ்சினியர் அமோஸ் ஜோயல் 1972-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆகவே, வழி தெரியவில்லை என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது.

பஞ்சாலைத் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஷிப்டு மாறுகிறது, மிஷின் நிற்பதில்லை. ஓடுகிற மிஷினை ஒருவர் விட, மற்றவர் ஏற்கிறார். ஏற்க ஆள் வராவிட்டால், அல்லது வந்தவர் தலையில் ஏற்கெனவே இருமடங்கு வேலை இருந்தால், இழை அறுந்து குவியும். அது இழையின் குற்றமா? ஆளைக் குறைத்த முதலாளியின் குற்றம்! டவர் கதையும் இதுவே. அடுத்த டவர் வெகு தூரத்தில் இருந்தால் இடைவழியில் பேச்சு அறும். அருகில் இருந்தாலும், அதில் காலியிடம் இல்லாவிட்டால் ஏற்க முடியாது. மின்சாரம் நின்று பாட்டரியும் தீர்ந்தால் டவரே ஊமை. பரிகாரம், பணம் போடுவது. லாபம் குறைந்த கிராமத்தில் முதலாளி பணம் போடுவானா?

சட்டம் என்ன செய்தது? 2015 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் ஒரு விதி செய்தது. அறுந்த அழைப்புக்கு ஒரு ரூபாய், நாளுக்கு மூன்று ரூபாய் வரை நஷ்டஈடு. மூன்றே ரூபாய்! அதையும் எதிர்த்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. 2016 மே 11-இல் சுப்ரீம் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. நூற்றுக்கு இரண்டு அழைப்பு வரை அறுவதை டிராயின் தர விதியே அனுமதிக்கிறதே என்பது கம்பெனிகளின் வாதங்களில் ஒன்று. அந்த இரண்டும் அன்று பெரிய வட்டாரம் முழுவதற்குமான சராசரி. நல்ல இடத்துக் கணக்கில் கெட்ட இடத்துக் கணக்கு கரைந்து போயிற்று. 2017-இல் கணக்கு முறை மாறியது; 2024 அக்டோபரில் புதிய விதிகளும் வந்தன. அறுந்த பேச்சுக்கு நஷ்டஈடு மட்டும் வரவில்லை.

கட்டணமோ ஒருநாளும் அறுவதில்லை. 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றின. 28 நாள் திட்டத்தை ஒரு மாதம் என்று விற்று, ஆண்டுக்கு 13 தடவை முன்பணம் வாங்குகிறார்கள்.

மக்களின் சொத்தான பி.எஸ்.என்.எல். என்ன ஆயிற்று? தனியார் 2012-இல் தொடங்கிய 4ஜி சேவைக்கு, அதற்கு அலைக்கற்றை தர மத்திய மந்திரிசபை முடிவு செய்ததே 2019-இல்தான். 2020 ஜனவரியில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் "விருப்ப ஓய்வு" என்ற பெயரில் வெளியே போனார்கள். காலைக் கட்டிவிட்டு, பந்தயத்தில் தோற்றான் என்று கைகொட்டுகிறார்கள்!

தோழர்களே! எந்த வழியில், எந்த நேரத்தில் லைன் அறுகிறது என்று கிளைதோறும் குறித்து வையுங்கள். கிராமசபையிலும் சங்கக் கூட்டத்திலும் தீர்மானமாக்குங்கள். ஊர்வாரியாகக் கணக்கை வெளியிடு! அறுந்த பேச்சுக்கு நஷ்டஈட்டைச் சட்டமாக்கு! பி.எஸ்.என்.எல்.லுக்கு நிதியும் ஆளும் கொடு! தனித்தனியே முணுமுணுத்தால் அது கம்பெனி காதில் விழாது; ஒன்றுகூடிக் கேட்டால் விழும்.