வாரத்துக்கு வாங்கிய விதைக்கிழங்கு

இந்த முறை வந்த கேள்விக் கடிதங்களில் ஒன்று நாலு பக்கம். எழுதியவர் திண்டுக்கல் மாவட்டத்து மாணவி. வேளாண்மைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். பூச்சி, பூஞ்சணம், மானியம் என்று எதுவும் கடிதத்தில் இல்லை. விடுதித் தோழி கொடுத்த நாவல் ஒன்றை விடுமுறையில் படித்து முடித்திருக்கிறார். அதில் வரும் பயிரைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறார். மூன்றாவது கேள்வி, கதையை மகள் சொல்லக் கேட்ட அவருடைய அப்பாவினுடையது.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி எழுதி 1958இல் வெளிவந்த நாவல் அது. என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழிலும் உண்டு. தென்கிழக்கு நைஜீரியாவில் வாழும் இக்போ மக்களின் ஊரான உமுவோஃபியாவில், வெள்ளைக்காரர்கள் வருவதற்குச் சற்று முன்பும் வந்த பின்பும் நடக்கிற கதை. இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாதிரியார்களும் கலெக்டரும் வந்து சேரும் பிற்பகுதியைத்தான் பேசுவார்கள். மாணவி முன்பகுதியிலேயே நின்றுவிட்டார். புத்தக ஓரத்தில் பென்சிலால் எண்களைக் குறித்துக்கொண்டே போயிருக்கிறார்: 400, 800, மூன்றில் ஒன்று, 32 நாள், 1,500.

கேள்வி: நாவலில் பயிர்களுக்கெல்லாம் தலைமையாக வரும் ‘யாம்’ நம்மூர் சேனைக்கிழங்கா?

இல்லை. சேனைக்கும் ஆங்கிலத்தில் யாம் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் இது. சேனை, சேம்பு வகையறாவைச் சேர்ந்தது. உமுவோஃபியாவின் யாம் ஒரு கொடி, டயஸ்கோரியா குடும்பம். நம் பக்கத்துப் பெருவள்ளி, ராசவள்ளி, சிறுவள்ளி, காய்வள்ளி எல்லாம் இதன் உறவு. கன்னியாகுமரி மாவட்டத்தில் காச்சில் என்றால் உடனே தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவில் முதன்மையாக விளைவது வெள்ளை வள்ளி. அதிலும் திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ சுப்ரா, ஸ்ரீ பிரியா, கொடி ஓடாத குட்டை ரகமான ஸ்ரீ தன்யா ஆகியவற்றை வெளியிட்டிருக்கிறது. நட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 250 முதல் 300 கிராம் வரையுள்ள துண்டுகளாக வெட்டி, சாணிக் கரைசலில் நனைத்து, நிழலில் உலர்த்தி, மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் மார்ச், ஏப்ரலில் நடலாம். அறுவடைக்கு ஒன்பது, பத்து மாதம் ஆகும்.

நாவலில் இது ஆண்களின் பயிர். சேப்பங்கிழங்கு, மரவள்ளி, அவரை இனங்கள் பெண்களுடையவை. மாணவி இந்த இடத்தில் கோபப்படுகிறார். வள்ளிக் குவியல்களுக்கு இடையில் மக்காச்சோளமும் அவரையும் பூசணி வகையும் ஊடுபயிராகப் போடுவது பெண்கள். ஒரு பருவத்தில் மூன்று முறை களை எடுப்பதும் பெண்கள். பயிரின் பெருமை மட்டும் ஆணுக்கு. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பின்னால் நடந்தது அவருக்குப் பிடிக்கும்: 1918–19இல் பரவிய விஷக்காய்ச்சல் கீழ் நைஜர் பகுதியில் ஏராளமானவர்களைக் கொன்றது. குவியல் போட்டு, கம்பு நட்டு, கொடி ஏற்றுகிற வள்ளிக்கு ஆள் கிடைக்கவில்லை. குறைந்த ஆளில் விளையும் மரவள்ளி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று உலகிலேயே அதிகமாக மரவள்ளி விளைவிக்கும் நாடு நைஜீரியா. வள்ளியிலும் அதுதான் முதலிடம். ஆனால் அன்றாடச் சோற்றுக்குப் பெண்களின் பயிரை நம்பியிருக்கும் வீடுகள் அங்கே ஏராளம்.

கேள்வி: விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு ஒருவன் மேலே வர முடியுமா?

கடிதத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கதைநாயகன் ஒக்கொங்வோவின் அப்பா உனோகா நல்ல புல்லாங்குழல்காரர், ஊரெல்லாம் கடன்காரர். மகனுக்கு அவர் விட்டுப்போகக் கிழங்குப் பட்டி இல்லை. பட்டி என்றால் கிடங்கு அல்ல. கழிகளை வரிசையாக நட்டு, கிழங்குகளை அதில் கட்டி, காற்று புகும்படி அடைத்துவைப்பார்கள். மாணவியின் வீட்டில் சின்ன வெங்காயம் பயிர். வெங்காயப் பட்டறை போட்டுப் பழகியவர் என்பதால் படம் இல்லாமலே புரிந்தது என்கிறார்.

அப்பாவிடம் பட்டி இல்லை என்றால் மகனுக்கு விதை இல்லை. வள்ளியில் தின்பதும் நடுவதும் ஒரே கிழங்கு. நெல்லில் ஒரு பிடி விதைத்தால் பல மடங்கு கிடைக்கும். விதைக்கு ஒதுக்குவது பெரிய பாரம் இல்லை. வள்ளி ஐந்து முதல் பத்து மடங்குதான் பெருகும். அதனால் விளைச்சலில் கால்வாசி முதல் முப்பது சதவீதம் வரை அடுத்த நடவுக்கே போய்விடும். ஒக்கொங்வோ ஒரு கலயம் கள்ளும் சேவலும் எடுத்துக்கொண்டு நுவாகிபியே என்ற பெரிய விவசாயியிடம் போகிறான். விதைக்கிழங்கு கேட்டு வந்த இளைஞர்கள் பலரைத் திருப்பி அனுப்பியவர் அவர். வாங்கிப்போய் மண்ணில் கொட்டிக் களைக்குத் தின்னக் கொடுப்பார்கள் என்பது அவர் அனுபவம். இவனை நம்பி 800 கிழங்கு கொடுக்கிறார். அப்பாவின் நண்பர் ஒருவரிடம் இன்னும் 400 கிடைக்கிறது. சொந்தமாக இருந்தது 400.

மாணவி போட்ட கணக்கு சரியானது. விளைச்சல் 100 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குப் பயிர் செய்கிறவன் கைக்கு 33 மூட்டை வரும். அதே அளவு நிலத்தைச் சொந்த விதையில் மறுபடி நட வேண்டுமானால் 25 முதல் 30 மூட்டை எடுத்துவைக்க வேண்டும். சாப்பிட, விற்க, நல்லது கெட்டது பார்க்க மிஞ்சுவது மூன்றிலிருந்து எட்டு மூட்டை. வயிற்றைக் கட்டினால் மட்டுமே விதை சேரும். ஒக்கொங்வோவோ அப்பாவின் வீட்டுக்கும் சோறு போட வேண்டியவன். அம்மாவும் தங்கைகளும் விளைவித்த பெண்கள் பயிர்தான் அந்த வருடங்களில் வீட்டைத் தாங்கியிருக்க வேண்டும் என்று மாணவி எழுதுகிறார். நாவல் அதை அரை வரியில் தாண்டிவிடுகிறதாம்.

அந்த வருடம் பார்த்து மழை தவறுகிறது. முதல் மழை பிந்தி வந்து, உடனே நின்றது. நல்ல விவசாயிகள் எல்லாரையும் போல முதல் ஈரத்திலேயே ஒக்கொங்வோ தன் சொந்த 400 கிழங்கையும் நட்டுவிட்டான். வெயில் மண்ணைச் சுட்டது. கற்றாழை நார் இலைகளை வளையமாகச் சுற்றி வைத்து முளைகளைக் காக்கப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் அது கருகும், காலையில் மாற்றுவான். எட்டு சந்தைச் சுற்று வறட்சி. இக்போ கணக்கில் ஒரு சந்தைச் சுற்று நாலு நாள். எகே, ஒரியே, அஃபோ, நுக்வோ என்று நாலு சந்தை. ஆக 32 நாள். கிழங்கு செத்தது. காட்டைத் திருத்தாமல் சோம்பிக் கிடந்தவர்கள் அந்த வருடம் புத்திசாலிகள் ஆனார்கள் என்று ஆச்சிபி போகிற போக்கில் சொல்கிறார். மானாவாரி விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாணவி சிவப்பில் கோடு போட்ட இடம் அடுத்து வருகிறது. போனது தன்னுடைய கிழங்கு, கடன் வாங்கியது அப்படியே இருக்கிறது என்று ஒக்கொங்வோ ஆறுதல் அடைகிறான். கடன் வாங்கிப் பயிர் செய்கிறவர்களுக்கு மட்டும் புரியும் ஆறுதல் இது. மழை திரும்பியதும் மிச்சத்தை நட்டான். இந்த முறை மழை நிற்கவில்லை. குவியல்கள் கரைந்தன, நிலம் ஓடையாக அறுபட்டது. மழைக்காலத்தின் நடுவே, ஆகஸ்ட் வாக்கில் வரும் இடைவெயில் அந்தப் பகுதியில் கிழங்கு பருக்க முக்கியம். அது வரவே இல்லை. கொடி தழைத்தது, கிழங்கு பிடிக்கவில்லை. அழுகியதைத் தோண்டிக்கொண்டே விவசாயிகள் அழுதார்கள். ஒருவர் தூக்கில் தொங்கினார்.

அவருக்குப் பெயர் இல்லை, எத்தனை பிள்ளைகள் என்று இல்லை, யாரிடம் எவ்வளவு விதை வாங்கியிருந்தார் என்றும் இல்லை. நாவல் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம். “அந்த ஒரு வரிக்கு அப்புறம் ரெண்டு நாள் நான் புத்தகத்தைத் தொடல” என்று மாணவி எழுதியிருக்கிறார். காரணத்தையும் சொல்கிறார். அவர் பத்தாவது படிக்கும்போது அறுவடை நேரத்து மழையில் வீட்டுப் பட்டறை முழுக்க அழுகிப்போனது. விதை வெங்காயத்தைக் கடனுக்கு வாங்கி நட்டார்கள். அந்த ஆறு மாதமும் அம்மா ராத்திரியில் எழுந்து எழுந்து அப்பாவின் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து படுப்பாராம். எதற்கென்று அப்போது மகளுக்குத் தெரியவில்லை.

நாவலில் அந்த வருடம் ஒக்கொங்வோவுக்குத் துணையாக ஒரு பேச்சு வருகிறது. பேசியவர், ஊர் முழுக்கச் சோம்பேறி என்று ஒதுக்கிய உனோகா. எல்லாருக்கும் விளையாத வருடத்தில் விழுந்தவன் மானத்தோடு எழுந்துவிடலாம், தான் மட்டும் தனியாகத் தோற்பதுதான் தாங்க முடியாதது என்ற கருத்தில் மகனுக்குச் சொல்கிறார். மகனுக்கு அது எரிச்சலாக இருந்தது. அந்த வருடத்தைத் தாண்டியதால் இனி எதையும் தாண்டலாம் என்று அவன் நினைத்துக்கொண்டான். தன் மன உறுதிதான் காரணம் என்றும் நம்பினான். பின்னாளில் பெரிய பட்டியும் பட்டங்களும் வந்தன. விதைக்கிழங்கைத் தப்பாக வெட்டினார்கள் என்று பிள்ளைகள் மேல் பாய்கிற, நடவுக்கு முந்தைய அமைதிக் கிழமையில்கூட மனைவியை அடிக்கிற ஆளாகவும் ஆனான். கடைசியில், வெள்ளைக்கார அரசின் சேவகனை அவன் வெட்டியபோது ஊர் அவனுக்குப் பின்னால் வரவில்லை. தூக்கு மாட்டிக்கொண்டான். தற்கொலை நிலத்தாய்க்கு எதிரான குற்றம் என்பதால் சொந்த ஊர்க்காரர்கள் உடலைத் தொட முடியாது; வேற்றாள்தான் இறக்க வேண்டும். வந்த வெள்ளைக்கார அதிகாரி, தான் எழுதப்போகும் புத்தகத்தில் இவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போகிறார். வறட்சியில் செத்தவருக்கு ஒரு வரி, இவனுக்கு ஒரு பத்தி என்று மாணவி ஓரத்தில் குறித்திருக்கிறார்.

கேள்விக்கு நேரான பதில்: மேலே வரலாம், ஒரு மோசமான வருடம் குறுக்கே வராதவரை. நிஜ நைஜீரியாவில் இந்த முடிச்சை அவிழ்க்க வேறு வழி தேடினார்கள். இக்போ மண்ணிலேயே உள்ள உமுதிகே தேசியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும், இபாதானில் 1967இல் தொடங்கிய பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து சிறு துண்டு முறையைப் பரப்பின. ஒரு கிலோ கிழங்கைத் தோல் இருக்கும்படி 25 கிராம் துண்டுகளாக வெட்டினால் சுமார் 40 துண்டு வரும். சாம்பலோ பூஞ்சைக்கொல்லியோ தடவி, நாற்றங்காலில் முளைக்க வைத்து நட்டால், அந்தப் பருவத்தில் கிடைப்பது சமையலுக்கான பெரிய கிழங்கு அல்ல, விதைக்கிழங்கு. யாரிடமும் கள் கலயத்தோடு போய் நிற்க வேண்டியதில்லை.

கேள்வி (அப்பாவுடையது): வாங்கிய 800 கிழங்கைத் திருப்பிக் கொடுத்தானா, இல்லையா?

நாவல் அந்தக் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஆனால் ஏற்பாடு வாரம். 800 வாங்கினால் 800 திருப்ப வேண்டும், மேலே வட்டி வேண்டும் என்பதல்ல. விளைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு கொடுப்பது. அழுகிய வருடத்தில் நுவாகிபியேயின் பங்கும் சேர்ந்தே அழுகியிருக்கும். நல்ல வருடத்தில் வாரம் கொடுமையான பேரம்தான். கெட்ட வருடத்தில் மட்டும் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மழையில் நனைகிறார்கள். கிலோவுக்கு இத்தனை என்று விலை பேசி வாங்கிய விதை வெங்காயத்தில் அப்படி நடக்காது. அப்பா அந்தக் கடனை அடைக்க அடுத்தடுத்து இரண்டு வெள்ளாமை பிடித்தது என்று கடிதம் சொல்கிறது.

அப்பாவிடம் மகள் இன்னும் சொல்லாத இரண்டு இடங்கள் நாவலில் உண்டு. கைதவறி ஒரு பையன் சாகக் காரணமானதால் ஒக்கொங்வோ ஏழு வருடம் ஊரைவிட்டு அம்மாவின் ஊருக்குப் போகிறான். அங்கே தாய்மாமன் உச்செண்டுவின் ஐந்து பிள்ளைகளும் ஆளுக்கு 300 விதைக்கிழங்கு கொடுக்கிறார்கள். ஓரத்தில் குறித்த 1,500 அதுதான். வாரப் பேச்சே இல்லை. அடுத்த இடம், நண்பன் ஒபியெரிக்கா அவனைப் பார்க்க வரும்போது கொண்டுவரும் இரண்டு மூட்டை சோழிகள். ஒக்கொங்வோ விட்டுப்போன பட்டியின் கணக்கு அது. பெரிய கிழங்குகளை அவன் போனதுமே விற்றாயிற்று. விதைக்கிழங்கில் கொஞ்சத்தைப் பிறகு விற்றாயிற்று. மீதியை வாரத்துக்குக் கேட்டு வந்தவர்களிடம் கொடுத்திருக்கிறான்.