மனை வாங்குவோர் வக்கீல் பீஸில் சிக்கனம் பார்க்கலாமா?

சந்தையில் ஒரு ஜோடி மாடு பிடிப்பதென்றால் நம் விவசாயி எத்தனை ஜாக்கிரதையாக இருக்கிறார்! பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். விவரம் தெரிந்த நாலு பேரைக் கூட அழைத்துப் போகிறார். அதே விவசாயி, மகனுக்கு வீடு கட்ட ஐந்து சென்ட் மனை வாங்கும்போது, தரகர் நீட்டும் ஜெராக்ஸ் பிரதியைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்து விடுகிறார். மாட்டில் ஏமாந்தால் ஒரு வெள்ளாமையின் வருமானம் போகும். மனையில் ஏமாந்தால் ஆயுள் காலச் சேமிப்பே போகும். அதற்கு மேல் கோர்ட்டுச் செலவும் வந்து சேரும்.

இதற்கு அறியாமை மட்டும் காரணம் அல்ல. செலவைப் பற்றிய பயமே பெரிய காரணம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; ஆக 9 சதவீதம். பத்திரத்தில் எழுதும் விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மீது இது கணக்கிடப்படுகிறது. 8 லட்சம் ரூபாய் மனைக்கு 72,000 ரூபாய் ஆகிறது. தரகருக்குக் கமிஷன், பத்திர எழுத்தருக்குக் கூலி, போக்குவரத்துச் செலவு எல்லாம் தனி. இவ்வளவும் கொடுத்த பிறகு வக்கீலுக்கு வேறு பணமா என்று கை தயங்குகிறது. தவிர்க்க முடியாத செலவையெல்லாம் கொடுத்துவிட்டு, நம்மைக் காப்பாற்றக்கூடிய ஒரே செலவில் சிக்கனம் பார்க்கிறோம். இந்தச் சிக்கனம் தவறானது என்பதே என் கருத்து.

பதிவு செய்தால் போதுமா?

"சர்க்கார் ஆபீசிலேயே பதிவாகிவிட்டது, இனி என்ன பயம்?" என்று பலர் நினைக்கிறார்கள். சார் பதிவாளரின் வேலை ஆவணத்தைப் பதிவு செய்வதுதான். விற்பவருக்கு உண்மையில் பாத்தியதை உண்டா என்று விசாரித்து உத்தரவாதம் தருவது அவர் வேலை அல்ல. விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரம் சார் பதிவாளருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே, தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆராய வேண்டிய பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில்தான் இருக்கிறது.

பட்டா இருந்தால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. பட்டா வருவாய்த் துறையின் பதிவு; அது மட்டுமே சொத்துரிமைக்குச் சான்று ஆகாது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பெயரும் உட்பிரிவும் தவறாக ஏறிய நிலங்கள் ஏராளம். அந்தத் தவறுகள் இன்னும் எத்தனையோ குடும்பங்களைத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வைக்கின்றன. பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும், சர்வே எண்ணும், பரப்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

வில்லங்கச் சான்று மிக அவசியம். பதிவுத் துறையின் இணையதளத்தில் இன்று வில்லங்க விவரத்தை எவரும் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பார்க்க வேண்டும். ஆனால் அதில் பதிவான ஆவணங்கள்தான் தெரியும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, விற்பவரோடு பிறந்தவர்களின் பங்கு, கோர்ட்டில் நடக்கும் வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். வில்லங்கம் இல்லை என்று காகிதம் சொன்னாலும் வில்லங்கம் இருக்கக்கூடும்.

வக்கீல் எதைப் பார்க்கிறார்?

நல்ல வக்கீல் முதலில் மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சொத்து யார் யார் கை மாறி வந்தது என்று சங்கிலி போலக் கோத்துப் பார்ப்பார். அசல் பத்திரத்தைக் கேட்பார். அசல் விற்பவரிடம் இல்லையென்றால் அது பாங்கியிலோ கடன் கொடுத்தவரிடமோ ஈடாக இருக்கலாம்.

அடுத்தது வாரிசுகள். நம் கிராமங்களில் அதிகமாக வழக்கு வருவது இதில்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன்பே மணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்திய சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளுக்கு விலக்கு உண்டு. எனவே அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. கட்டிக் கொடுத்த அக்கா தங்கையும் கையெழுத்திட வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மைனரின் சொத்தைக் கோர்ட்டு அனுமதி இல்லாமல் தகப்பனோ தாயோ விற்றால், மைனர் வயது வந்த பிறகு அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போட முடியும். பவர் ஏஜெண்டு விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கோயில் நிலம், புறம்போக்கு, நிபந்தனையோடு அரசு ஒப்படை செய்த நிலம், 1892-ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் ஆகியவை மலிவாக விலைக்கு வந்தாலும் வாங்குபவருக்கு நிலைக்காது. பஞ்சமி நிலத்தை மற்ற வகுப்பார் வாங்குவது சட்டப்படி செல்லாது என்பதோடு, ஏழையின் சொத்தைப் பறித்ததாகவும் ஆகும்.

வீட்டு மனைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 2016 அக்டோபர் 20 முதல் தமிழ்நாட்டில் அங்கீகாரமில்லாத மனைப்பிரிவின் மனைகளைப் புதிதாகப் பதிவு செய்யத் தடை இருக்கிறது. அதற்காகச் சிலர் வயலைத் துண்டு போட்டு, விவசாய நிலம் என்றே எழுதிப் பத்திரம் முடித்துக் கொடுக்கிறார்கள். பத்திரம் கைக்கு வரும். வீடு கட்ட அனுமதி வராது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரப்படுகிறது. ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடிதான். நம்மவர்கள் வாங்கும் மனை பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். ஆனால் மனை முறையானதாக இருந்தால்தான் இந்தச் சலுகையால் பயன். மனைக்குப் போகும் பாதை பத்திரத்தில் பாதையாக இருக்கிறதா, அல்லது பக்கத்துக் காட்டுக்காரர் தயவில் இருக்கிறதா என்பதையும் புலப்படத்தை வைத்து, அளந்து பார்க்க வேண்டும்.

பீஸை எப்படிப் பேசுவது?

வக்கீல் பீஸுக்கு அரசு விகிதம் எதுவும் இல்லை. ஆகவே முன்கூட்டியே பேச வேண்டும். ஆவணங்களைப் பார்த்து எழுத்து மூலம் கருத்துத் தருவது ஒரு வேலை. பத்திரம் தயாரிப்பது ஒரு வேலை. பதிவு நாளில் உடன் வருவது ஒரு வேலை. மூன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. வாய்மொழியாக "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொன்னால் போதாது. கையெழுத்திட்ட கருத்துரை வாங்குங்கள்.

வக்கீல் உங்கள் வக்கீலாக இருக்க வேண்டும். மனை விற்பவரோ தரகரோ அழைத்து வரும் வக்கீலிடம் "எங்கள் வக்கீல் பார்த்துவிட்டார், உங்களுக்குச் செலவு மிச்சம்" என்று விட்டுவிடக்கூடாது. பாங்கியில் கடன் வாங்குவோருக்கு பாங்கியின் வக்கீலே பார்ப்பார்; அதற்கும் நம்மிடம்தான் பணம் வாங்குகிறார்கள். ஆகவே அந்தக் கருத்துரையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பெரிய அட்வான்ஸ் தொகையை இந்தச் சோதனைகள் முடிந்த பிறகே, அதுவும் பாங்கி மூலமாகவே கொடுங்கள்.

"விற்பவர் நம் பங்காளி; அவரிடம் போய் வக்கீல், பத்திரம் என்று கேட்டால் மனஸ்தாபம் வராதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இன்று கேட்டால் ஒரு நாள் முகம் சுளிப்பார். கேட்காமல் விட்டு, வீடு எழுந்த பிறகு அவர் தங்கை பங்கு கேட்டு வழக்குப் போட்டால், இரண்டு குடும்பமும் இரண்டு தலைமுறைக்குப் பேசிக்கொள்ளாது.

அரசும் செய்ய வேண்டியது உண்டு

இப்போது கிடைக்கும் இரண்டு உதவிகளைச் சொல்லிவிட வேண்டும். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. மேலே சொன்ன 8 லட்சம் ரூபாய் மனையை மனைவி பெயரில் வாங்கினால் 8,000 ரூபாய் மிச்சம். வக்கீல் பீஸுக்கு இது கைகொடுக்கும். இரண்டாவது, பல தாலுகாக்களில் வட்ட சட்டப் பணிகள் குழு உண்டு. 1987-ம் வருடச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. கோர்ட்டு வளாகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஆனால் இது போதாது. ஏழை விவசாயியின் 8 லட்சத்தில் 72,000 ரூபாயை வாங்கிக்கொள்ளும் அரசு, அந்தச் சொத்து சுத்தமானதுதானா என்று அறிய அவருக்கு வழி செய்து கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. பதிவுத் துறை ஒரு பக்கம், வருவாய்த் துறை ஒரு பக்கம், கோர்ட்டு ஒரு பக்கம் என்று இன்று அவரவர் பதிவேடு அவரவரிடம் இருக்கிறது. 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட மனைகளுக்காவது ஒரு மனு கொடுத்தால் வில்லங்கம், பட்டா, புலப்படம், நிலுவை வழக்கு, மனை அங்கீகாரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அறிக்கையாகத் தர ஏற்பாடு செய்ய வேண்டும். அதைப் படித்துச் சொல்ல, நியாயமான பீஸ் நிர்ணயித்து, தாலுகாதோறும் வக்கீல்கள் பட்டியல் ஒன்றையும் வெளியிட வேண்டும். உழவர் சங்கங்கள் இதைக் கோரிக்கையாக எடுத்து மாவட்டக் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் எழுப்பலாம். அந்த ஏற்பாடு வரும் வரையில், மனை வாங்கப் போகிறவர்கள் விலையோடு வக்கீல் பீஸையும் சேர்த்தே பணம் திரட்டட்டும்.