ஆர்எக்ஸ் 100 திரும்பி வர வேண்டாம்

மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க. பளபளன்னு ஒரு படம், கறுப்பு டேங்க், உருண்டை ஹெட்லைட், மேல "ஆர்எக்ஸ் 100 மீண்டும் வருகிறது!" கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம்னு பார்த்தாலே தெரியுது. சைலன்சர் எஞ்சினோட ஒட்டவே இல்லை. ஆனாலும் எங்க கிளாஸ்ல பாதிப் பேர் அதை ஆளாளுக்கு அனுப்பியாச்சு. ரெண்டு பேர் புக்கிங் எங்கேன்னு விசாரிக்கிறாங்க. தீபாவளி, பொங்கல் மாதிரி இந்த வதந்தியும் தவறாம வந்துடுது.

என் கட்சி இதுதான்: அது வரக் கூடாது. யமஹாக்காரங்க அந்தப் பேரைத் தொடவே கூடாது. திட்டுறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. எஸ்கார்ட்ஸும் யமஹாவும் கூட்டுச் சேர்ந்து 1985 கடைசியில ஆர்எக்ஸ் 100ஐ இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. ஆரம்பத்துல பாகங்கள் ஜப்பான்ல இருந்தே வந்துச்சு. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், எடை 103 கிலோ. நாலு கியர், ரெண்டு பக்கமும் டிரம் பிரேக், கிக்கர் மட்டும்தான். 1996 மார்ச்சோட உற்பத்தி நின்னு போச்சு. அந்த ஏப்ரல்லதான் புகை விதிகளும் இறுகிச்சு. எங்க கிளாஸ்ல ஒருத்தன் கூட அப்போ பொறக்கல. நாங்க பொறக்கறதுக்கு முன்னாடி நின்னு போன வண்டிக்காக நாங்க அழுதுட்டு இருக்கோம், அது வேற காமெடி.

சரி, இவங்க என்னதான் எதிர்பார்க்கிறாங்க? கேட்டுப் பார்த்தேன். டூ ஸ்ட்ரோக்கா இருக்கணும். அதே சத்தம் வரணும். அதே எடை இருக்கணும். ஆனா ஏபிஎஸ் வேணும், செல்ஃப் ஸ்டார்ட் வேணும், லிட்டருக்கு அம்பது தரணும், புகை டெஸ்ட்ல பாஸ் ஆகணும், விலை ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. கல்யாணத் தரகர்கிட்ட கூட இப்படி லிஸ்ட் கொடுக்க மாட்டாங்க பாஸ்.

இந்த லிஸ்ட் ஏன் நடக்காதுன்னு பார்ப்போம். டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒண்ணு. வால்வு கிடையாது, கேம் கிடையாது, அதனால எஞ்சின் சின்னது, லேசு. ஆர்எக்ஸோட மொத்த மந்திரமும் இதுல இருக்கு. ஆனா அதே டிசைன்ல, உள்ளே வர்ற புது பெட்ரோல் கலவையில ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியா வெளியே போயிடும். கூடவே டூடி ஆயிலும் எரியும். அந்த நீலப் புகை, அந்த வாசனை, எல்லாம் அதுதான். நமக்கு வாசனை, பின்னாடி ஸ்கூட்டியில வர்ற அக்காவுக்கு இருமல். 2020 ஏப்ரல்ல இருந்து பிஎஸ் 6. அதை இந்தப் பழைய எஞ்சினால தாண்டவே முடியாது.

உடனே ஒருத்தர் வருவார்: "கேடிஎம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வச்சு டூ ஸ்ட்ரோக் பண்றானே?" பண்றான். அது காட்டு மேட்டுல போட்டிக்கு ஓட்டுற எண்டூரோ வண்டி. அதோட விலையைக் கேட்டுட்டு வாங்க, பேசலாம்.

யமஹாவே இதை ஒளிச்சு வைக்கல. அப்போ யமஹா இந்தியா தலைவரா இருந்த எய்ஷின் சிஹானா 2022ல அந்தப் பேரைத் திரும்பக் கொண்டு வர ஆசைன்னு சொன்னார். அதைத்தான் நம்மாளுங்க பிடிச்சுக்கிட்டாங்க. அடுத்த வருஷமே அவர் விவரமா சொன்னதை யாரும் படிக்கல. அந்த லேசும் வேகமும் வேணும்னா குறைஞ்சது 200 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வேணும், அதுலயும் அந்தச் சத்தம் வராது, இதுதான் அவர் சொன்னதோட சாரம். கம்பெனிக்காரர் வியாபாரத்தைத் தள்ளி வச்சுட்டு உண்மையைச் சொல்லியிருக்கார். ரசிகனுக்கு அது பிடிக்கல.

இன்னொரு கணக்கு. ஆர்எக்ஸ் 100ல டன்னுக்கு 107 குதிரைத்திறன் வருது. இன்னிக்கு யமஹா ஷோரூம்ல நிக்கிற எம்டி 15ல 18 குதிரைத்திறன், 141 கிலோ. டன்னுக்கு 128 ஆச்சு! நிறுத்தறதுக்கு டிஸ்க் பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கு. அதாவது "லேசான, வேகமான யமஹா வேணும்"னு நீங்க கேட்கிறது ஏற்கனவே கடையில இருக்கு. உருண்டை ஹெட்லைட்தான் வேணும்னா 2025 நவம்பர்ல எக்ஸ்எஸ்ஆர் 155ம் வந்தாச்சு. அதுக்காக யாரும் கண்ணீர் விடல. ஏன்னா நாம கேட்கிறது வண்டியை இல்ல. அப்பா ஓட்டினதை, மாமா கல்யாணத்துக்கு முன்னாடி விற்றதை, சினிமாவுல பார்த்ததைக் கேட்கிறோம். அதை எந்த அசெம்பிளி லைன்ல போட்டு எடுக்கிறது?

கேட்டு வாங்கினவங்க கதை என்னாச்சுன்னும் பாருங்க. ஜப்பான்ல டொயோட்டா சுப்ரான்னு ஒரு கார், 2002ல நின்னுது. பதினேழு வருஷம் உலகம் பூரா ரசிகர்கள் கெஞ்சினாங்க. 2019ல வந்துச்சு. எஞ்சின் பிஎம்டபிள்யூ. கட்டினது ஆஸ்திரியாவுல, பிஎம்டபிள்யூ இஸட் 4 வர்ற அதே தொழிற்சாலையில. ஓட்டிப் பார்த்தவங்க நல்ல கார்னு சொன்னாங்க. கெஞ்சின அதே கூட்டம் "இது சுப்ராவே இல்லை"ன்னு கத்திச்சு. நம்ம ஊர்லயும் இதே கதைதான். மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையும் 1996லதான் மூடுச்சு. 2018ல மஹிந்திரா பக்கத்து ஆளுங்க ஜாவாவைக் கொண்டு வந்தாங்க. டேங்க், நிறம், ரெட்டை சைலன்சர்னு எல்லாம் பழசு மாதிரி. உள்ளே 293 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், லிக்விட் கூலிங். நல்ல எஞ்சின்தான். ஆனா பழைய ஜாவாக்காரன் யாராவது சத்தத்தைக் கேட்டுட்டு ஆமா இதுதான்னு சொன்னானா?

இங்கே என் பாடப் புத்தகத்தைக் கொஞ்சம் திறக்கிறேன், பொறுத்துக்கோங்க :-) குட்வில்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. கணக்கு விதி ஏ.எஸ். 26 படி, ஒரு கம்பெனி தானா உருவாக்கிக்கிட்ட குட்வில்லை, பிராண்டு பேரை, பேலன்ஸ் ஷீட்ல சொத்துன்னு காட்டக் கூடாது. காசு கொடுத்து வாங்கினாத்தான் காட்டலாம். ஆர்எக்ஸ் 100க்கு இன்னிக்கு இருக்கிற பேரோட மதிப்பு யமஹா புத்தகத்துல எங்கேயும் இருக்காது. அதுல பெரும் பங்கு அவங்க உருவாக்கினதும் இல்லை. 1996க்கு அப்புறம் அந்த வண்டியை உயிரோட வச்சது யாரு? புதுப்பேட்டையில பழைய வண்டியைப் பிரிச்சு கிராங்க் எடுத்து வச்சவன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல பிஸ்டன் செட் தேடிக் கொடுத்த கடைக்காரர். ஆதம்பாக்கத்துல ஆறடிக்கு எட்டடி கடையில, சைலன்சரைக் கழட்டி நெருப்பு வச்சு கரி எடுத்து, லேத்துக்குக் கொடுத்து ரீபோர் போட்டு, பாதிக் காசை அடுத்த மாசம் வாங்கிக்கிட்ட அண்ணன். குட்வில் அவங்க சம்பாதிச்சது. இப்போ நாம போய், "சார், இதை எடுத்து ஒரு 200 சிசி வண்டி மேல ஸ்டிக்கரா ஒட்டி எங்களுக்கே வித்துடுங்க"ன்னு கம்பெனிகிட்ட மன்றாடுறோம். இதுக்குப் பேரு ரசனையா?

கேட்கணும்னா வேற ஒண்ணு கேளுங்க. உதிரிபாகம் கேளுங்க.

சும்மா சொல்லல, ஜப்பான்லயே நடக்குது. மஸ்தா 2017ல தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டரைக் கம்பெனியே வாங்கிச் சரிபண்ணித் தர்றதா அறிவிச்சது. நிஸான் அதே வருஷம் ஆர் 32 ஸ்கைலைன் ஜிடிஆருக்குப் பழைய பாகங்களைத் திரும்பத் தயாரிக்க ஆரம்பிச்சது. டொயோட்டா கூட 2020ல பழைய சுப்ராவுக்கு உதிரிபாகம் செய்யப் போறோம்னு சொல்லிச்சு. புது சுப்ராவால சமாதானம் ஆகாதவங்களுக்கு அதுதான் ஆறுதல். அங்கே அது விலை உயர்ந்த கார்களுக்கு. ஆனா ஒரு பிஸ்டன், ரிங் செட், கிராங்க், கார்புரேட்டர், ஆயில் பம்பு, இதெல்லாம் செய்யறதுக்கு என்ன பெரிய ராக்கெட் வித்தை? ஒரகடம் பக்கத்துல வல்லம் வடகால்ல யமஹாவுக்கு 2015ல இருந்தே தொழிற்சாலை ஓடுது. இன்னிக்கு ஆர்எக்ஸ்காரன் ஒரிஜினல்னு நம்பி வாங்குறது எத்தனை தடவை டூப்ளிகேட்டா இருக்குன்னு எந்த மெக்கானிக்கையாவது கேட்டுப் பாருங்க. டூப்ளிகேட் பிஸ்டன் ஓட்டத்துலயே சிக்கிக்கிச்சுன்னா பின் வீல் லாக் ஆகி எங்கே விழுவோம்னு தெரியாது. ரசிகனோட உயிர் சம்பந்தப்பட்ட கோரிக்கை இது. இதுக்கு ஒரு ஹேஷ்டேக் உண்டா? கிடையாது.

"புகையைப் பத்திப் பேசிட்டு, பழசை ஓட்ட பாகம் கேட்கிறியே?" நியாயமான கேள்விதான். புதுசா ஒரு மாடல் விட்டா அது லட்சக்கணக்குல ரோட்டுக்கு வரும். பழசு அப்படி இல்ல, வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டேதான் போகும். பதினஞ்சு வருஷம் தாண்டின பைக்குக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 2022லயே 300ல இருந்து 1000 ஆச்சு. 2025ல இருபது வயசு தாண்டினதுக்கு 2000. அந்தக் காசைக் கட்டி, எஃப்சிக்கு வரிசையில நின்னு வச்சிருக்கிறவன் ஞாயித்துக்கிழமை காலையில ஈசிஆர் வரைக்கும் போயிட்டு வருவான், அவ்வளவுதான். ரிங் தேஞ்சு, ஆயில் பம்பைப் பிடுங்கிப் போட்டுட்டு டேங்க்ல குத்துமதிப்பா டூடி ஊத்துற வண்டியை விட, சரியான பாகம் போட்ட வண்டி கம்மியாத்தான் புகையும். சுத்தமான வண்டின்னு நான் சொல்லல. கம்மி, அவ்வளவுதான் சொல்றேன்.

அதனால அடுத்த தடவை அந்தப் படம் வந்தா எனக்கு அனுப்பாதீங்க மக்களே. நல்ல கண்டிஷன்ல ஒரிஜினல் ஆயில் பம்பு எங்கேயாவது கிடைக்குதுன்னா மட்டும் சொல்லுங்க. எங்க மெக்கானிக் அண்ணன் மூணு மாசமா தேடிட்டு இருக்கார்.

டிஸ்கி: சைலன்சருக்குள்ள இருக்கிற குழாயைக் கழட்டி வீசிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு வேளச்சேரி ரோட்டுல "பாஷன்" காட்டுறவங்களுக்காக நான் பாகம் கேட்கல. உங்க வண்டிக்குப் பாகம் கிடைக்காம போனா ஊரே நிம்மதியாத் தூங்கும்.